துறை விடுவிப்பு: கணினி வலையமைப்பின் ஒரு சிறு கருவி பற்றி

பூண்டுலோயாத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்தோர்க்கு நெடுங்காலம் தனித்த அஞ்சல் முகவரி இருந்ததில்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கே வரும்; அது எந்தக் காம்பராவுக்கு உரியது என்பதை அறிந்து ஒப்படைப்பது தோட்ட அலுவலகத்தின் கையில் இருந்தது. அவ்வழக்கத்தின் நீதி அநீதி தனியே ஆராயத்தக்கது. கணினி வலையமைப்பின் முகவரி முறையை விளக்குவதற்கு அது பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

கணினியின் ஐபி முகவரி தோட்டத்தின் பெயரை ஒத்தது. துறை எண் காம்பராவின் இலக்கத்தை ஒத்தது. 1981இல் வெளியான டிசிபி விதிமுறை இவ்வெண்ணுக்கு 16 பிட்டுகளை ஒதுக்கியது. எனவே 65,535 வரையிலான எண்களே உள. ஒரு துறையிற் பொதுவாக ஒரு செயன்முறையே செவிமடுக்கலாம். செய்நிரலாளர் தம் சேவையகத்தை மீளத் தொடக்குகையில் 'முகவரி ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது' என மறுக்கப்படுவது இதனாலேயே. பெரும்பாலும் முன்னர் தொடக்கிய அதே செய்நிரல்தான் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்.

துறையைப் பற்றியிருக்கும் செயன்முறையின் எண்ணைக் கண்டறிந்து, அதற்குச் சமிக்ஞை அனுப்புவதே கட்டளை வரிக் கருவிகளின் பணி. லினக்ஸின் பியூசர் இரண்டையும் ஒருங்கே செய்யும். எந்தச் சமிக்ஞை என்பதே இங்கு கேள்வி. 15ஆம் எண் சமிக்ஞை ஓர் அறிவித்தல்; செயன்முறை தன் கோப்புகளை எழுதி முடித்து வெளியேற இடமளிப்பது. 9ஆம் எண் அவ்வாய்ப்பைத் தருவதில்லை. எழுதி முடியாத தரவு அழிந்துபோகலாம். பியூசரின் 'கே' விருப்பு, வேறு பணிக்காவிடின், 9ஐயே அனுப்பும். முன்னறிவித்தலின்றி வெளியேற்றப்படுவது யாதென மலையகத்தார்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

எல்எஸ்ஓஎவ் கருவியில் மற்றோர் இடர் உண்டு. துறை எண்ணை மட்டும் கொடுத்தால், அங்கு செவிமடுப்பவரோடு அத்துறையுடன் தொடர்பு கொண்டவரும் பட்டியலில் வருவர். அப்பட்டியலை அப்படியே கில் கட்டளைக்குக் கொடுத்தால் சேவையகத்தோடு உலாவியும் மடியும். செவிமடுக்கும் செயன்முறையை மட்டும் கேட்பதே முறை.

சிலவேளை எச்செயன்முறையும் இல்லாதிருந்தும் துறை விடுபடாது. குடியிருந்தவர் வெளியேறிய பின்னரும் அவருக்குரிய கடிதங்கள் வழியில் இருக்கக்கூடும். அவை புதிதாகக் குடிவந்தவர் கையிற் சேர்தல் தகாது. இதனைத் தவிர்க்கவே தொடர்பை முதலில் முடித்த பக்கம் சிறிது நேரம் காத்திருக்கிறது. லினக்ஸில் 60 விநாடிகள். இந்நிலையிற் கொல்லுதற்கு எவரும் இலர், மேற்கூறிய கருவிகள் பயன்படா. பொறுத்திருக்கலாம், அன்றேல், முகவரியை மீளப் பயன்படுத்தும் விருப்பினைச் சேவையகச் செய்நிரலிலேயே அமைத்துக்கொள்ளலாம்.