தாய்மார் இறப்பும் இன ஏற்றத்தாழ்வும்

மருத்துவத்திற்கென உலகில் மிகுதியாகப் பொருள் செலவிடும் நாடு ஐக்கிய அமெரிக்கா. ஆயினும், கருவுற்ற காலத்திலும் மகப்பேற்றை அடுத்த 42 நாள்களுக்குள்ளும் நேரும் தாய்மார் இறப்பு, செல்வம் படைத்த பிற நாடுகளைவிட அங்கு அதிகம். இவ்விறப்பை இனவாரியாகப் பகுத்து நோக்குவோமாயின், வேறோர் உண்மையும் புலனாகும். 2023ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த 1,00,000 குழந்தைகளுக்கு வெள்ளையினத் தாய்மார் 14.5 பேர், கறுப்பினத் தாய்மார் 50.3 பேர் என்ற விகிதத்தில் இறந்தனர். இவ்வேறுபாடு எதனால் உண்டாகிறது?

வறுமையும் கல்வியின்மையுமே காரணம் என்பர் சிலர். இவை துன்பத்தை மிகுவிப்பன என்பதில் ஐயமில்லை. ஆனால், 2007 முதல் 2016 வரை நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்து அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2019இல் வெளியிட்ட முடிவு, இவ்விளக்கம் போதாது எனக் காட்டுகிறது. பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம், பட்டம் பெற்ற வெள்ளையினப் பெண்களுடையதைப் போல் ஐந்து மடங்கிற்கும் மேலானது. பள்ளிப் படிப்பை முடிக்காத வெள்ளையினப் பெண்களுடையதைவிடவும் அது அதிகம்.

உடற்கூறே வேறு என்பர் வேறு சிலர். இக்கருத்து அடிமை முறையோடு பிணைந்து வளர்ந்தது. 1845 முதல் 1849 வரை அலபாமாவில் டாக்டர் ஜே. மேரியன் சிம்ஸ், அனார்க்கா, பெட்சி, லூசி முதலிய அடிமைப் பெண்களுக்கு மயக்க மருந்தின்றி மீண்டும் மீண்டும் அறுவைச் சிகிச்சை செய்தார். கறுப்பினத்தார்க்கு வலியுணர்வு குறைவு என்ற பொய் அன்று பரவலாக நம்பப்பட்டது. அது இன்னும் மறையவில்லை. 2016இல் வெளியான வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவரும் பயிற்சி மருத்துவருமான 222 பேருள் ஏறக்குறையப் பாதிப்பேர், கறுப்பினத்தாரின் தோல் தடிப்பானது என்பது போன்ற பொய்க் கருத்துகளுள் ஒன்றையேனும் நம்பினர். அவ்வாறு நம்பியோர் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டனர்.

இதன் விளைவு யாது? உயர் இரத்த அழுத்தம், இரத்தக்கட்டி, இரத்தப்போக்கு ஆகியவை பெரும்பாலும் முன்னறிகுறிகளுடன் வருவன. அவற்றை முதலில் உணர்பவள் தாயே. அவளது சொல் நம்பப்படாவிடில் நேரம் கடந்துவிடும். டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017இல் குழந்தை பெற்ற மறுநாள் மூச்சுத் திணறலுற்றார். தமக்கு நுரையீரலில் இரத்தக்கட்டி உண்டாகியிருக்கலாம் எனக் கூறி, ஸ்கேன் எடுக்கும்படி வேண்டினார். வலி மருந்தினால் அவர் குழம்புவதாகச் செவிலியர் எண்ணினார் என அவரே பின்னர் கூறியுள்ளார். இறுதியில் ஸ்கேன் எடுக்கப்பட்டபோது, அவர் கூறியதே மெய்யாயிற்று. புகழும் செல்வமும் உடையவருக்கே இந்நிலையாயின், எளியவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்விறப்புகளுள் நூற்றுக்கு எண்பதிற்கும் மேற்பட்டவை தடுக்கக்கூடியவை என்பது அந்நாட்டு ஆய்வுக் குழுக்களின் முடிவு. கலிபோர்னியா மருத்துவமனைகள் சீரான நடைமுறைகளைக் கைக்கொண்டதனால், 2006க்கும் 2013க்கும் இடையே அம்மாநிலத்தில் தாய்மார் இறப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. எனினும் இனங்களுக்கு இடையேயுள்ள இடைவெளி மறையவில்லை. ஏழையருக்கான மெடிக்கெய்டு காப்புறுதி, மகப்பேற்றினால் தகுதி பெற்றோர்க்கு 60 நாள்களில் முடிவுற்று வந்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஓராண்டாக நீட்டிக்க வழி செய்தது. பெரும்பாலான மாநிலங்கள் அவ்வாறே நீட்டித்துள்ளன. ஆனால் தாயின் சொல்லை நம்பும் மனத்தைச் சட்டம் மட்டும் உண்டாக்க இயலாது.

பாவத்தைத் தனிமனிதனின் தீய எண்ணம் என்று மட்டும் போதிப்போர்க்கு இங்கே ஒரு பாடம் உண்டு. அச்செவிலியரிடம் வெறுப்பு இருந்தது எனக் கூற நமக்குச் சான்றில்லை. வெறுப்பவர் ஒருவரும் இல்லாமலே, பழகிப்போன ஐயத்தினால் மட்டும், அநீதி ஓர் அமைப்பினுள் தொடர்ந்து உயிர் வாழக்கூடும். ஆகவே மனந்திரும்புதல் தனிமனிதருக்கு மட்டுமன்றி நிறுவனங்களுக்கும் உரியது. மருத்துவமனைக்குச் செல்லும் போதகர் ஜெபித்துத் திரும்புவதோடு அமையாது, தாய் கூறுவதைச் செவிகொடுத்துக் கேட்டு, மருத்துவரும் அதனைக் கேட்கும்வரை அவளுடன் நிற்றலும் அருட்பணியே ஆகும்.