கிரீச்சிடும் பலகை என்ன சொல்கிறது?

காலை நேர வானொலி நிகழ்ச்சி செய்பவள் நான். விடிவதற்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஆனால், புக்கிட் காத்தில் வட்டாரத்திலுள்ள எங்கள் வீட்டிலிருந்து யாருக்கும் தெரியாமல் வெளியே போனதே இல்லை. அப்பாவின் அறை வாசலில் ஒரு பலகை இருக்கிறது. கால் பட்டதும் ‘கிரீச்’ என்னும். உடனே உள்ளிருந்து, “கெளம்பிட்டியாம்மா?” என்று அம்மாவின் குரல் வரும்.

எங்களுடையது தூண்களின் மேல் நிற்கும் பழைய பலகை வீடு. தோட்டத்துப் பலகை வீடுகளில் வளர்ந்தவர்களுக்கும், மலாக்கா கம்போங் மோர்த்தனில் வில்லா செந்தோசாவைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கும் அந்தத் தரையின் குளிர்ச்சி தெரியும்.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது. வெக்கை தாங்காமல் தவித்தார் என்று சென்ற ஆண்டு அவர் அறைக்கு ஏர்கான் போட்டோம். சில வாரங்களில் அறை முழுக்கப் பலகைகள் சத்தம் போடத் தொடங்கின. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று லேசாக அமுங்கவும் செய்தது. நான் செய்த ‘ரிப்பேர்’ என்ன தெரியுமா? ஒரு கம்பளத்தை வாங்கி மேலே விரித்தேன். அடுத்த வாரம் அதே இடத்தில் அப்பா தடுமாறி விழுந்தார். முழங்கால் சிராய்ப்போடு தப்பியது எங்கள் நல்ல நேரம்.

மறுநாளே பக்கத்துத் தாமானிலிருந்து ஒரு தச்சரை அழைத்தேன். அவர் முதலில் கம்பளத்தைச் சுருட்டி வைத்தார். குதிகாலால் அழுத்தி அழுத்தி நடந்து, சத்தம் வந்த இடங்களில் சுண்ணக்கட்டியால் குறியிட்டார். மொத்தம் ஏழு இடங்கள். “தங்கச்சி, பலகை பேசுதுன்னா எங்கேயோ பிடி விட்டிருக்குன்னு அர்த்தம். நீங்க அது வாயில துணியை அடைச்சிட்டீங்க” என்றார்.

சத்தம் ஏன் வருகிறது?

மரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நம் நாட்டின் ஈரக்காற்றுக்குப் பழகிய பலகை, ஏர்கான் அறையில் காய்ந்து சுருங்குகிறது. ஆணித் துளை தளர்கிறது. அதன் பிறகு நாம் மிதிக்கும்போதெல்லாம் பலகை ஆணியோடோ, பக்கத்துப் பலகையோடோ, கீழே தாங்கும் சட்டத்தோடோ உரசுகிறது. அந்த உரசல்தான் ‘கிரீச்’.

என்ன செய்யலாம்?

இரண்டு பலகைகள் உரசினால், இடுக்கில் முகப்பவுடரைத் தூவித் தூரிகையால் உள்ளே தள்ளலாம். மெழுகுவர்த்தியையும் தேய்க்கலாம். இது தற்காலிக வைத்தியம்தான்.

பலகை ஆடினால், பழைய ஆணியையே மறுபடி அடித்துப் பயனில்லை. துளை ஏற்கெனவே பெரிதாகிவிட்டது. பக்கத்தில் திருகாணி போட வேண்டும். பழைய ஆணிகளின் வரிசையைப் பார்த்தாலே சட்டம் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடும். செங்ஙால் போன்ற கடினமான மரமாக இருந்தால் முதலில் மெல்லிய துளை போடுங்கள், இல்லையென்றால் பலகை பிளந்துவிடும். மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ கீழே போகிறதா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தால், அடியிலிருந்து மெல்லிய மர ஆப்பில் பசை தடவிச் செருகலாம். கையால் செருகினாலே போதும். சுத்தியலால் அடித்தால் பலகை மேலே எழும்பி, புது இடைவெளி உண்டாகும்.

பலகை அமுங்கினால் மட்டும் விளையாடாதீர்கள். திருப்புளியால் சட்டத்தைக் குத்திப் பாருங்கள். மரம் உறுதியாக இருந்தால் முனை இறங்காது. எங்கள் வீட்டுக்கு அடியில் தச்சர் குத்தியபோது ரொட்டியில் இறங்குவது போல் இறங்கியது. பின்பக்கத் தூணில் கரையான் மண்பாதை ஏறியிருந்தது. கம்பளத்துக்கு மேல் அப்பா, கீழே கரையான்! முதலில் கரையானுக்கு மருந்து அடித்தோம். பிறகுதான் சட்டத்தையும் பலகையையும் மாற்றினோம்.

ஏழாவது பலகை

ஆறு இடங்கள் முடிந்தன. தச்சர் வாசல் பலகைக்கு வந்தபோது அம்மா தடுத்தார். “தம்பி, அதை மட்டும் விட்டுடுங்க. ராத்திரி இவரு எழுந்து போறது அந்தச் சத்தத்துலதான் எனக்குத் தெரியும்.”

ஜப்பானில் கியோத்தோ நகரின் நிஜோ கோட்டை நினைவுக்கு வந்தது. 1603-இல் எழுந்த அந்தக் கோட்டையின் நடைகூடத்தில் கால் வைத்தால் பலகைகள் பறவை போல ஒலிக்கும். அடியிலுள்ள இரும்புப் பிடிகளும் ஆணிகளும் உரசுவதே காரணம். அந்நியர் நுழைந்தால் காட்டிக்கொடுக்கவே அப்படி அமைத்தார்கள் என்று சொல்வதுண்டு. ஓர் அரண்மனைக்கு இருந்த காவல் எங்கள் வீட்டிலும் இருந்திருக்கிறது. அது எனக்குத்தான் தெரியவில்லை.

தச்சர் கீழே போய்க் குத்திப் பார்த்தார். சட்டம் கெட்டியாக இருந்தது. ஆட்டமும் இல்லை. “இது சும்மா பேசுற பலகைதான்மா, இருக்கட்டும்” என்று சிரித்தார்.

இந்த விடுமுறைக்குத் தாத்தா பாட்டியின் பலகை வீட்டுக்குப் போகிறீர்களா? கம்பளத்தைத் தூக்கி ஒரு தடவை குதிகாலால் அழுத்திப் பாருங்கள். சத்தத்தை அடக்குவதற்கு முன் அது எங்கிருந்து, ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நான் இப்போது அதிகாலையில் அந்தப் பலகையைத் தாண்டிக் கால் வைக்கப் பழகிவிட்டேன். ஆனாலும், “கெளம்பிட்டியாம்மா?” என்ற குரல் தவறாமல் வருகிறது. இப்போது காட்டிக்கொடுப்பது வாசல் கதவாம்!