டின் சூப்பும் நோன்புக் கஞ்சியும்

கஞ்சி காய்ச்ச நேரமில்லாத நாளில் டின் சூப்போ பாக்கெட் சூப்போ கைகொடுக்கிறது. ஆனால், வீட்டில் ரத்த அழுத்தம் உள்ள பெரியவர் அதைக் குடித்து நோன்பு திறந்தால், நாம் கவனிக்க வேண்டியது உப்பை. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். லேபிளில் அது 'சோடியம்' என்றிருக்கும், 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு தெரியும். ஒரு கிண்ணத்தில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால், 2 கிராம் உப்பு.

சேர்மானப் பட்டியலில் முதலில் உள்ளதே அதிகம் இருக்கும். அது மக்காச்சோள மாவு என்றால், காய்கறி பெயருக்குத்தான்.

பாசிப்பருப்பும் கறியும் சேர்த்த நம் கஞ்சியில் புரதம் உண்டு. உப்பும் நம் கையில். முதல் நாளே பருப்பை வறுத்து, அரிசியை உடைத்து வைத்தால் மறுநாள் வேலை பாதிதான். சூப்தான் வழி என்றால், லேபிளைப் படித்து வாங்குவோம். பெரியவர்களுக்குக் கொடுக்குமுன் மருத்துவரைக் கேட்போம்.