அன்று வந்த கடல் பிறகு ஏன் வரவில்லை?



புவித்தகடுகளைப் பற்றி எமது வானொலியில் நான் பேசி முடித்ததும், மட்டக்களப்பைச் சேர்ந்த ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். "தம்பி, 2004 இல கடல் வந்து எங்கட ஆக்களைக் கொண்டுபோனது. 2012 இலயும் நிலம் ஆடினது. அக்கா ஆக்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினவை. ஆனா கடல் வரேல்ல. இனிச் சைரன் அடிச்சாலும் ஓடமாட்டன் எண்டு அக்கா சொல்லுறா. ஏன் அண்டைக்கு மட்டும் வரேல்ல?" என்று கேட்டார். நிகழ்ச்சி முடிய இரண்டு நிமிடங்களே இருந்தன. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவருக்குரிய விடையை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

பூமியின் வெளிப்புறம் ஒரே துண்டாக இல்லை. ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தடிப்புள்ள சில பெரிய தகடுகளாகவும் பல சிறிய தகடுகளாகவும் அது பிளவுபட்டிருக்கின்றது. எல்லாமே நகருகின்றன. நாம் இப்போது வாழும் அவுஸ்திரேலியா ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர் வடகிழக்குத் திசையில் போய்க்கொண்டிருக்கின்றது. நான் நில அளவையாளனாக வேலை செய்தவன். எங்களுக்கு இது புத்தக விடயமல்ல, தலையிடி. 1994 இல் நாடு முழுவதற்கும் நிர்ணயித்த ஆள்கூறுகள் 2020 ஆகும்போது 1.8 மீற்றர் விலகிப் போயிருந்தன. எல்லைக்கல்லை ஒருவரும் கிளப்பவில்லை. கல்லையும் வேலியையும் வீட்டையும் சேர்த்துக் கண்டமே தூக்கிக்கொண்டு போய்விட்டது! கடைசியில் தேசிய ஆள்கூறுகளையே புதிதாக வகுத்தார்கள்.

தகடுகளுக்குக் கீழே உருகிய பாறைக் கடல் ஒன்று இருப்பதாகவும் அதில் அவை தெப்பம்போல மிதப்பதாகவும் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கீழே இருப்பதும் பெரும்பாலும் திண்மப் பாறைதான். ஆனால் மிகுந்த வெப்பத்தில் நீண்ட காலத்துக்கு அழுத்தப்படும்போது அது மெல்ல மெல்ல வழுகிப் பாயும். நம்பக் கடினமாக இருந்தால் பிறிஸ்பேனில் உள்ள குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பாருங்கள். சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோல நொறுங்கும் ஒருவகைக் கீலை, 1927 இல் ஒரு புனலில் ஊற்றி வைத்தார்கள். ஒன்பதாவது துளி விழுந்தது 2014 இல். பூமியின் உட்பாறை இதைவிடப் பன்மடங்கு இறுக்கமானது. ஆனால் அதற்கு அவசரம் இல்லை.

தகட்டை நகர்த்துவது எது? கட்டிலின் விளிம்பில் பாதி தொங்கும் போர்வையை நினைத்துக்கொள்ளுங்கள். தொங்கும் பாதி தன் பாரத்தாலேயே மீதியையும் இழுத்துக்கொண்டு விழும். கடலடித் தகடும் வயதாக ஆகக் குளிர்ந்து பாரமாகி, ஓரத்தில் பூமிக்குள் அமிழ்ந்து, பின்னால் உள்ளதையும் இழுக்கின்றது. மற்றக் கரையில், நடுக்கடல் மலைத்தொடர்களில், புதிய பாறை எழுந்து இடைவெளியை நிரப்புகின்றது. வேறு விசைகளும் உண்டு. ஆனால் இந்த இழுவையே முதன்மையானது என்பது இன்றைய கருத்து.

அப்படி அமிழும் ஓரங்களில் ஒன்றுதான் சுமாத்திராவில் இருந்து அந்தமான் வரை நீளும் சுந்தா அகழி. அங்கே கீழ்த்தகடு வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுவதில்லை. மேல்தகட்டில் சிக்கி, அதன் விளிம்பையும் கீழே இழுத்து வளைக்கின்றது. மேசை ஓரத்தில் அடிமட்டத்தை வைத்து நுனியைக் கீழே அழுத்துவதுபோல, நூற்றுக்கணக்கான ஆண்டுகள். 2004 டிசம்பர் 26 காலை அந்தப் பிடி விட்டது. ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குத் தகட்டு விளிம்பு கிழிந்தது; நிலநடுக்கத்தின் அளவு 9.1. வளைந்திருந்த விளிம்பு துள்ளி எழ, கடலடி சில மீற்றர் உயர்ந்து மேலே இருந்த தண்ணீர் முழுவதையும் தூக்கியது. விளிம்புக்குக் கிழக்கே நிலம் தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீற்றருக்கு மேல் இறங்கி, அங்கிருந்த கலங்கரை விளக்கின் அடி கடலுக்குள் போனது.

இதில் எங்கள் ஊராருக்கு முக்கியமான விடயம் ஒன்று உண்டு. தாழ்ந்த பக்கம் இருந்த தாய்லாந்தில் முதலில் கடல் உள்வாங்கியது. உயர்ந்த பக்கத்துக்கு நேரே இருந்த இலங்கையின் கிழக்குக் கரையிலோ கடல் முதலிலேயே ஏறி வந்தது. ஆகவே கடல் வற்றட்டும், பிறகு ஓடலாம் என்று காத்திருக்கக் கூடாது.

இனி 2012 ஏப்ரல் 11. அளவு 8.6. சாதாரணமானதல்ல. ஆனால் அது அகழியில் நிகழவில்லை. அதற்கு மேற்கே, தகட்டின் உடலுக்குள்ளேயே நிகழ்ந்தது. இந்தியப் பகுதி இமயமலையில் முட்டித் தடைப்பட, அவுஸ்திரேலியப் பகுதி அவ்வளவு தடையின்றி வடக்கே போகின்றது. ஒரு காலத்தில் ஒரே தகடாகக் கருதப்பட்ட இவை இரண்டும் நடுக்கடலில் மெல்லப் பிரிந்துகொண்டிருக்கின்றன. அன்று கடலடிப் பாறைகள் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே ஒன்றையொன்று உரசி நகர்ந்தன. தண்ணீர் நிரம்பிய தொட்டிக்குள் கையை விரித்து மேலே தூக்கிப் பாருங்கள். பிறகு கையைத் தட்டையாகப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியும். அலை எழுந்தது, ஆனால் சிறியது.

சரி, சைரன் ஏன் அடித்தது? நிலநடுக்கம் எங்கே, எவ்வளவு பெரியது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கடலடி உயர்ந்ததா என்பதை உறுதிசெய்ய, கடல்மட்டக் கருவிகளில் இருந்து தகவல் வரவேண்டும். சுமாத்திராவில் இருந்து மட்டக்களப்புக்கு அலை வர இரண்டு மணித்தியாலம் வரையில்தான் ஆகும். உறுதியாகும்வரை மக்களைக் கரையில் வைத்திருக்க முடியாது. 2004 இல் இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. 2011 முதல் அவுஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா மூன்றும் அந்தப் பணியைச் செய்கின்றன.

2004 இல் நடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்தது சிமேலு தீவு. அங்கே 1907 இல் ஒரு பேரலை வந்திருந்தது. நிலம் பலமாக ஆடினால் மலைக்கு ஓடு என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் 2004 இல் இறந்தவர்கள் ஏழு பேர். இடைப்பட்ட தொண்ணூற்றேழு ஆண்டுகளில் அவர்கள் கடல் வராத நாட்களிலும் ஓடியிருப்பார்கள்.

அம்மா, இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.