12 வினாடியைக் குறைப்பது எப்படி? ஒரு பழைய காரும் திறன் கணக்கும்

முடுக்கம், திறன் என்றாலே தள்ளுவண்டிக் கணக்குதான் போடணுமா? இந்த முறை ஒரு பழைய விளையாட்டு மகிழுந்தை எடுத்துக்கொள்வோம். எம்.ஜி.ஆர். இல்லைங்க, எம்.ஜி.பி.! இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான கார் இது. 4 சிலிண்டர், 1,798 கன செ.மீ. இஞ்சின். உச்சத் திறன் 95 குதிரைத்திறன், அதாவது சுமார் 71 கிலோவாட்.

நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை, அதாவது வினாடிக்கு 26.8 மீட்டரை, எட்ட இதற்குச் சுமார் 12 வினாடி பிடிக்கும். ஓட்டுநரோடு சேர்த்துப் பொருண்மை 1,000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இயக்க ஆற்றல் = ½ × 1,000 × 26.8² = சுமார் 359 கிலோஜூல்

இதை 71 கிலோவாட்டால் வகுத்தால் 5 வினாடிதான் வருது. மீதி 7 வினாடி எங்கே போச்சு?

"உராய்வு, காற்றுத் தடை" என்று மாணவர்கள் சட்டென்று சொல்வார்கள். அது தப்பில்லை, ஆனால் பாதி விடைகூட ஆகாது. அந்த 71 கிலோவாட், இஞ்சின் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும்போது மட்டுமே கிடைக்கும். கார் கிளம்பும்போது சுற்று குறைவு, திறனும் குறைவு. கியர் மாற்றும் நேரத்தில் சக்கரத்துக்குப் போகும் திறன் சுழியம். 359-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள்: சராசரி 30 கிலோவாட்தான். முடுக்கத்தைத் தீர்மானிப்பது இந்தச் சராசரி. விளம்பரத்தில் போடும் உச்ச எண் அல்ல.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு இஞ்சினைத் திறப்போம். ஒரு கிராம் பெட்ரோல் முழுசா எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆகவே திறனைக் கூட்டுவது என்றால், முதலில் காற்றைக் கூடுதலாக உள்ளே விடுவதுதான். எம்.ஜி.பி.க்கு இங்கேதான் சிக்கல். நான்கு சிலிண்டருக்கும் உள்வழி இரண்டே இரண்டு. ஒவ்வொன்றையும் இரண்டு சிலிண்டர்கள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரே வாசலில் இரண்டு வகுப்பு மாணவர்கள் முட்டிமோதுவது மாதிரி! அதனால் பழைய கார் பிரியர்கள் முதலில் சிலிண்டர் தலையின் வழிகளைக் கடைந்து சீராக்குவார்கள், புகைபோக்கிக் குழாயை மாற்றுவார்கள்.

அடுத்து பலரும் தாவுவது பந்தய கேம்ஷாஃப்டுக்கு. இது வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். அதிக சுற்றில் காற்று நன்றாக நிரம்பும், உச்சத் திறன் ஏறும். ஆனால் குறைந்த சுற்றில், உள்ளே வந்த கலவையில் கொஞ்சம் திரும்ப வெளியே தள்ளப்படும், இழுவை குறையும். உச்ச எண்ணைக் காட்டிப் பெருமைப்படலாம், சாலையில் கிளம்பும்போது கார் முனகும். தினசரி ஓட்டும் காருக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து.

1973-இல் எம்.ஜி. நிறுவனமே வேறு வழி காட்டியது. ரோவரின் 3,528 கன செ.மீ. வி8 இஞ்சினை மூடிய கூரை எம்.ஜி.பி.யில் பொருத்தியது. அலுமினியத்தால் ஆனதால், எட்டு சிலிண்டர் இருந்தும் பழைய வார்ப்பிரும்பு இஞ்சினின் எடைதான் ஏறக்குறைய. உச்சத் திறன் 137 குதிரைத்திறன். 44 விழுக்காடுதான் உயர்வு. ஆனால் முறுக்குவிசை 149-லிருந்து 262 நியூட்டன் மீட்டர், அதாவது முக்கால் பங்கு கூடுதல். அதுவும் 3,000 சுற்றுக்குள்ளேயே! 60 மைல் வேகத்துக்குச் சுமார் 8.6 வினாடிதான். ஓட்டுநரோடு 1,150 கிலோகிராம் என்று கொண்டால் சராசரித் திறன் 48 கிலோவாட். 30-லிருந்து 48: 60 விழுக்காடு உயர்வு, உச்சத் திறனின் உயர்வைவிட அதிகம்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: எம்.ஜி.பி.யின் நான்கு சிலிண்டர் இஞ்சினில் சிலிண்டர் விட்டம் 80.26 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 88.9 மி.மீ. விட்டத்தை 83.5 மி.மீ. ஆகக் கடைந்தால் மொத்தக் கொள்ளளவு எத்தனை விழுக்காடு கூடும்? 8-ஐ ஒட்டி விடை வந்தால் சரி.