சங்கு வந்த வழியில் ஒரு நாள்

வெம்பக்கோட்டையை ஒட்டிய விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 மார்ச்சில் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்ததிலிருந்து கிடைத்த பொருள்களில் சங்கு வளையல் துண்டுகள் ஏராளம். வெம்பக்கோட்டையில் கடல் கிடையாது. வைப்பாறும் அணையும் கரிசல் காடும்தான் உண்டு. சங்கு விளையும் கடலில் நமக்குப் பக்கமானது மன்னார் வளைகுடா. மோட்டார் வண்டியும் தார்ச்சாலையும் இல்லாத காலத்திலேயே அங்கிருந்து இங்கே சரக்கு வந்திருக்கிறது. இன்று குடும்பத்தோடு நாம் அங்கே போய்வர நினைத்தால் முதலில் வரும் கேள்வி, எவ்வளவு ஆகும் என்பதுதான்.

அந்த வளைகுடாவை ஒட்டிய ராமேஸ்வரம் தீவுக்குப் போய் வந்தவர்களிடம் செலவுக் கணக்கு கேட்டுப் பாருங்கள். வேன் வாடகை, லாட்ஜ், ஓட்டல் சாப்பாடு, உள்ளூரில் சுற்ற ஆட்டோ என்று வரிசையாகச் சொல்வார்கள். பார்த்த இடங்களுக்குக் கொடுத்த காசு அந்தப் பட்டியலில் அநேகமாக இருக்காது. அந்தத் தீவில் பார்க்கத் தகுந்தவற்றுக்குப் பெரும்பாலும் கட்டணமே இல்லை. போவதிலும் தங்குவதிலும், தவறான நேரத்தில் தவறான இடத்தில் போய் நிற்பதிலும்தான் பணம் கரைகிறது. ஆகவே சிக்கனம் செய்ய வேண்டிய இடம் பயணத் திட்டம்.

சிவகாசியிலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். தெருவில் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் வேன் கட்டுப்படியாகும், தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாம். நான்கு பேர் மட்டும் என்றால் ரயில்தான் மலிவு. சிவகாசியில் ஏறி மதுரையில் இறங்கி, அங்கிருந்து ராமேஸ்வரம் பயணிகள் ரயில் பிடிக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டு தேவையில்லை. பன்னிரண்டு வரை அரைச் சீட்டு, ஆனால் முன்பதிவில் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம் ஆகிவிடும். நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்பதால், ரயிலில் போனால் ஒரு ராத்திரி தங்கும்படி இருக்கும். வேனில் போகிறவர்கள் லாட்ஜ் காசு மிச்சம் என்று நடு இரவில் கிளம்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். பகலெல்லாம் வண்டி ஓட்டிய டிரைவர் இரவும் ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பினாலே வெயில் ஏறும் முன் தீவுக்குள் நுழைந்துவிடலாம். கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள். புளிசாதம் சாயங்காலம் வரை தாங்கும், தயிர்சாதம் மதியத்துக்கு மேல் வெயிலில் தாங்காது.

தீவின் முதல் வேடிக்கை பாம்பன். சாலையில் வருகிறவர்கள் கடப்பது 1988 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்ட அன்னை இந்திரா காந்தி பாலம். ரயிலுக்குத் தனிப் பாலம். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் வரும்போது இரண்டு இறக்கைகளைத் தூக்குவதுபோல் இருபுறமும் மேலே எழும். அதை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். துருவேறி வலுவிழந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. அதன் அருகிலேயே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இதன் நடுத் துண்டு 72.5 மீட்டர் நீளம். மடங்காமல், கட்டடங்களில் லிப்ட் ஏறுவதுபோல் அப்படியே செங்குத்தாக உயரும். பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வைத்து இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொண்டே வந்தால் போதும். வேனில் வருகிறவர்களும் மண்டபத்தில் வீட்டுக்கு ஓரிருவரைப் பிள்ளைகளோடு ரயிலேற்றி அனுப்பலாம். தண்ணீர் இருபுறமும் காலடி வரை வந்து நிற்கும் அந்தச் சில நிமிடங்கள் எந்தக் கண்காட்சி ராட்டினத்துக்கும் குறைந்தவை அல்ல. ரயில் நேரம் மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாம்பன் தாண்டியதும் எல்லோரும் நேரே கோயிலுக்குப் போவார்கள். நீங்கள் தனுஷ்கோடிக்குப் போங்கள். கோயில் மத்தியானம் நடை சாத்தி மூன்று மணி வாக்கில்தான் திறக்கும், அங்கே நிழலும் உண்டு. தனுஷ்கோடியில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது, இருட்டும் முன் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். அதனால் காலை வேளை தனுஷ்கோடிக்கு, பிற்பகல் கோயிலுக்கு. சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு ராமேஸ்வரத்திலிருந்து அரசுப் பேருந்து இருக்கிறது. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், ஏறும் முன் எந்த வகைப் பேருந்து என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடிச் சாலையின் இருபக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணை, மீனவர்கள் பேச்சில் பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். பெயரை நம்பிக் காலை நனைக்கக் கூடாது, காற்றைப் பார்க்க வேண்டும். கோடையில் தென்மேற்குக் காற்று வீசும்போது தெற்குக் கடல் சீறும், வடக்கு குளம்போல் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று தொடங்கியதும் இது தலைகீழாகும். நம் பக்கத்துப் பட்டாசு ஆபீஸ்களுக்குத் தீபாவளி முடிந்துதான் நீண்ட லீவு. அந்த நாட்களில் போகிறவர்களுக்கு வடக்குக் கரை ஆகாது. புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே தள்ளிப் போடுங்கள். சாலை முடியும் அரிச்சல்முனையில் எந்த மாதமானாலும் குளிக்கக் கூடாது. இரண்டு கடலும் சந்திக்கும் இடம், அடியில் இழுப்பு எப்படி இருக்கும் என்று மேலிருந்து தெரியாது. மணலில் நின்று பார்ப்பதற்குத்தான் அந்த முனை.

முனைக்கு நாலைந்து கிலோமீட்டர் முன்னால் பழைய ஊர் இருக்கிறது. கூரையில்லாத தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்கள். 1964க்கு முன் மெட்ராஸிலிருந்து போட் மெயிலில் வந்தவர்கள் இங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலையும் கொண்டுபோயிற்று. ரயிலில் இருந்தவர்கள் மட்டும் நூறு பேருக்கு மேல். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாமா என்று சிலர் தயங்குவார்கள். சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. சொல்லாவிட்டால் அந்தச் சுவர்கள் செல்பிக்குப் பின்னணியாக மட்டும் நின்றுவிடும்.

அங்கே மீனவர்கள் மணலைத் தோண்டி வைத்திருக்கும் சிறு ஊற்றுகளைக் கேட்டுப் பாருங்கள். கடலுக்குச் சில எட்டு தள்ளி, குடிக்கிற தண்ணீர். மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட எடை குறைவு, அதனால் அதன் மேல் மிதந்தபடி நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புதான் வரும். பள்ளிக்கூடத்தில் அடர்த்தி என்று படிப்பதை இங்கே ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்க்கலாம். குளிர்காலத்தில் போனால் ஆழமில்லாத நீர்ப்பரப்பில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். 2025 ஜூனில் அரசு இந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. கிட்டப் போக வேண்டாம், கூட்டம் எழும்பிப் பறந்துவிடும்.

கோயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தரிசனத்துக்குக் கூட்டம் அதிகமென்றால் மூன்றாம் பிரகாரத்தை ஒரு சுற்று நடந்தாலே வந்த வேலை முடிந்த மாதிரி. 22 தீர்த்தத்தில் நீராடக் கட்டணச் சீட்டு உண்டு. அக்னி தீர்த்தம் என்பது கடலேதான், காசில்லை. திரும்பும் வழியில் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், 2017 ஜூலை 27 அன்று திறந்தது. நுழைவு இலவசம், உள்ளே படம் எடுக்க விடுவதில்லை.

வாங்கக் கூடாதவையும் உண்டு. பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை இவையெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. கரையில் கிடந்தது என்று பையில் போட்டுக்கொண்டாலும் குற்றம்தான்.

இவ்வளவு தூரம் முடியாது, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கையில் இருக்கிறது என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. நம் வைப்பாற்றையே பின்தொடருங்கள். சாத்தூர், பிறகு அர்ஜுனா நதி வந்து சேரும் இருக்கன்குடி. மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு விளாத்திகுளம் வழியாகக் கிழக்கே போனால் கடல் வந்துவிடும். ஆறு கடலில் கலப்பது வைப்பார் கிராமத்துப் பக்கம். ஒட்டினாற்போல் ஓர் ஊர், பெயர் சிப்பிகுளம். வடக்கே கொஞ்சம் போனால் வேம்பார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒரு தொகுதிக்கே அந்த ஊர்ப் பெயர்தான். அந்தத் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் நினைத்தபடி படகேறிப் போய் இறங்க முடியாது, கரையிலிருந்து கடலைப் பார்க்கலாம். லாட்ஜ் தேவையில்லை, டிக்கெட்டும் இல்லை. வரும்போது கருப்பட்டி வாங்கிக்கொண்டு இருட்டும் முன் வீடு வந்து சேர்ந்துவிடலாம்.