நீர் மாத்திரையும் செவிப்புலனும்

கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகளுக்கு மதகின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1895-ஆம் ஆண்டில் பெரியாறு அணை முடிவுற்றுத் தேக்கடியிலிருந்து நீர் வரத் தொடங்கிய நாள் முதல், அளவறிந்து மதகைத் திறப்பதே இப்பகுதியின் வாழ்வாக இருந்து வருகிறது. மனித உடலில் அத்தகைய மதகைக் காத்து நிற்பது சிறுநீரகம். இருதயம் தளர்ந்தாலும், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதுற்றாலும், உடலில் நீர் தேங்கிக் கால் வீங்கும், மூச்சுத் திணறும். அப்பொழுது தேங்கிய நீரை வெளியேற்ற டாக்டர்கள் அளிக்கும் மருந்தையே மக்கள் 'நீர் மாத்திரை' என்கின்றனர். இவற்றுள் வலிமை மிக்கது பியூரோசமைடு; 'லாசிக்ஸ்' என்றால் பலருக்கும் விளங்கும். எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து இது. எனினும் சிலவேளை இது செவியையும் தாக்கக் கூடும்.

இவ்வினத்தைச் சேர்ந்த எத்தகிரினிக் அமிலம் என்னும் மருந்தைப் பெற்ற சில நோயாளிகளின் செவிப்புலன் கெட்டதை மாஹர், ஷ்ரைனர் என்னும் அமெரிக்க டாக்டர்கள் 1965-இல் வெளியிட்டனர். பின்னர் பியூரோசமைடிலும் அத்தீங்கு காணப்பட்டது.

காரணம் யாது? நத்தை ஓடு போல் சுருண்ட உட்செவியினுள் பொட்டாசியம் உப்பு மிகுந்த நீர் ஒன்று உளது. அந்த உப்பை இடையறாது இறைத்து நிறுத்துவது, உட்செவிச் சுவரிலுள்ள ஒரு மெல்லிய பட்டை. அதனால் உண்டாகும் சிறு மின்னழுத்தத்தைக் கொண்டே, ஓசையை உணரும் மயிரணுக்கள் தொழில் புரிகின்றன. சிறுநீரகத்தில் உப்பு கடக்கும் வாயிலை அடைப்பதே இம்மருந்தின் வேலை. அதனை ஒத்த வாயில் செவியின் பட்டையிலும் இருப்பதால், மருந்து மிகுந்தால் அதுவும் அடைபடுகிறது, பட்டை வீங்குகிறது, மின்னழுத்தம் குறைகிறது. காதில் இரைச்சலும், அடைப்பும், மந்தமும் தோன்றும். சிலருக்குத் தலை சுற்றும். பெரும்பாலும் மருந்து உடலை விட்டு நீங்கியதும், சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ செவி தெளிந்துவிடும்.

தெளியாத சந்தர்ப்பங்களும் உள. ஜென்டாமைசின், அமிக்கசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய ஊசிமருந்துகள் தாமாகவே உட்செவிக்குத் தீங்கு செய்ய வல்லவை. அவற்றோடு இம்மருந்தும் சேருமாயின் மயிரணுக்கள் மடிந்து போகலாம். ஒரு செவியில் அவை ஏறத்தாழ 15,000 மட்டுமே. மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. சிறுநீரகம் கெட்டவர்களின் உடலில் மருந்து நெடுநேரம் தங்குவதால் அவர்களுக்கு அபாயம் அதிகம். பெரிய அளவை இரத்தக் குழாயில் விரைந்து ஏற்றுவதும் கேடு. நிமிடத்திற்கு 4 மில்லிகிராமுக்கு மேற்படாது மெல்ல ஏற்ற வேண்டும் என்பது விதி. 'ஊசியைச் சீக்கிரம் போட்டு அனுப்புங்கள்' என்று நர்ஸை அவசரப்படுத்தும் வழக்கம் நம்மவர்க்கு உண்டு. அதை விட்டொழித்தல் நலம்.

இதைப் படித்து அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடலாகாது. சாதாரண அளவில் வாயால் உட்கொள்வோருக்குச் செவி கெடுவது அரிது. நிறுத்துவதால் இருதய நோயாளியின் உயிருக்கே ஆபத்து நேரலாம். இரத்தக் கொதிப்புக்காக அளிக்கப்படும் குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரைகள் வேறு இனத்தவை; அவற்றைக் குறித்து இக்கவலை வேண்டுவதில்லை. ஆனால் கால் வீங்கியவுடன் பழைய சீட்டைக் காட்டியோ, அடுத்த வீட்டாரின் மாத்திரையைப் பெற்றோ உட்கொள்வது முற்றிலும் தவறு.

கிழவருக்குக் காது மந்தமானால் 'வயது ஆயிற்று' என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். அம்மந்தம் புது மருந்து தொடங்கிய பின் வந்ததா என்று கேட்பாரில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் ஊழியரிடம் இதனைச் சொல்லலாம். பஞ்சாயத்து அங்கத்தினர்களும் தம் வார்டில் இத்தகையோரை விசாரித்து, உட்கொள்ளும் எல்லா மருந்துகளோடும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும். தேவையானால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டலாம். திடீரெனக் காது கேளாமற் போயின் அன்றே செல்லுதல் அவசியம். குறைமாதத்தில் பிறந்து, இம்மருந்துகளைப் பெற்றுத் தேறிய குழந்தைகளுக்கும், பேச்சு வரும் வரை காத்திராமல், செவிச் சோதனை செய்வித்தல் வேண்டும்.